சேலையோடு ஒரு மேசையும் போடுங்கள்

(வெள்ளானூரில் சேவைச் சங்கம் ஒன்றின் பொங்கல் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேவைச் சங்கத்தின் பொங்கல் விழா எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலையில் கோலப்போட்டி, பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம், மத்தியானம் சாப்பாடு. நடுவில் வயசானவங்களுக்கு வேட்டி, சேலை, ஒரு பை அரிசி. அப்புறம் குரூப் போட்டோ. சாயங்காலத்துக்குள் அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்துடும்.

இதைக் குறை சொல்ல நான் வரலை. நல்ல காரியம்தான். ஒரே ஒரு கேள்வி: போன வருஷம் சேலை வாங்கிட்டுப் போன பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை வருதா? நம்மில் யாராவது கேட்டோமா?

சேலை வருஷத்துக்கு ஒருமுறை. உதவித்தொகை மாதாமாதம். 2023 ஆகஸ்டில் அது 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 14,400 ரூபாய். தகுதி இருந்தும் விண்ணப்பிக்கத் தெரியாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தால், எந்தச் சங்கத்தின் அன்பளிப்பும் அந்த இழப்பை ஈடு செய்யாது.

சேவைச் சங்கங்களின் வரலாற்றையே பாருங்கள். ரோட்டரி சங்கம் 1905-இல் சிகாகோவில் தொடங்கியது. நம்ம சென்னைக்கு 1929-இல் வந்தது. சிகாகோ சங்கம் எடுத்துக்கொண்ட முதல் பொதுக் காரியம் என்ன தெரியுமா? பொதுக் கழிப்பறை! 1907-இல் மற்ற அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு, நகர நிர்வாகத்திடம் விடாமல் கேட்டு அதற்கு வழி செய்தார்கள்.

அடுத்து போலியோ. உலகம் முழுக்க போலியோவை ஒழிக்க 1985-இல் ரோட்டரி பெரிய அளவில் இறங்கியது. இந்தியாவில் 1995-இல் நாடு தழுவிய போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. மருந்தும் முகாமும் அரசுடையது. தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள், தயங்கிய அம்மாக்களிடம் பேசினார்கள், விடுபட்ட குழந்தைகளைத் தேடிக் கூட்டி வந்தார்கள். நாட்டின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரி 13 அன்று, மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்குப் பதிவானது. 2014 மார்ச் 27-இல் இந்தியா உட்பட தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ இல்லாப் பகுதி என்ற சான்று கிடைத்தது.

மருந்து இருந்தால் மட்டும் போதாது, மருந்து வரைக்கும் கூட்டி வர ஆள் வேண்டும். அரசு சேவைக்கும் அதுதான் கதை.

அதனால் நான் கேட்பது ஒரு மேசை. அரிசிப் பை கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். மூணு பேர், மூணு போன், ஒரு நோட்டு. வர்றவங்களிடம் மூணு விஷயம் கேளுங்கள்.

முதலில், ஆதாரில் எந்த மொபைல் எண் இருக்கு? பல வீடுகளில் சிக்கலே இங்கேதான். பேரனின் பழைய நம்பர் இருக்கும், அந்த சிம் எப்பவோ போயிருக்கும். ஓடிபி வராது, வேலை நின்னுடும். எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்குப் போகலாம். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிச் சேவை மூலம் தபால்காரரே வீட்டுக்கு வந்து மாற்றித் தரும் வசதியும் இருக்கு. நடக்க முடியாதவங்களுக்கு இது பெரிய உதவி.

இரண்டாவது, உதவித்தொகை. 60 வயது ஆகி, ஆதரவு இல்லாமல் இருக்கிறவங்க இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்ததும் கொடுக்கிற ஒப்புகை எண்ணை நோட்டில் எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும்போது வீட்டில் ஆள் இருக்கணும் என்று சொல்லி வையுங்கள்.

மூன்றாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு இது உண்டு. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போகணும். வெள்ளானூரிலிருந்து திருவள்ளூருக்கு ஒரு பாட்டி தனியாகப் போய் வருவது லேசான காரியமா? சங்கம் ஒரு வேன் பிடித்துப் பத்துப் பேரைச் சேர்த்துக் கூட்டிப் போனால், ஒரே நாளில் வேலை முடியும். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அட்டைக்கு ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ரெண்டு எச்சரிக்கையும் சொல்லிடறேன். யாருடைய ஆதாரையும் படம் பிடித்து குரூப்பில் போடாதீர்கள். வேலை முடிந்ததும் உங்கள் போனிலிருந்தும் அழித்துவிடுங்கள். ஓடிபி-யை அவங்க கண் முன்னாலேயே போடுங்கள், எதுக்குன்னு சொல்லிட்டுப் போடுங்கள். இன்னொன்று, உதவி வாங்குகிறவர் முகத்தைப் போட்டோவில் காட்டணும் என்று அவசியம் இல்லை. கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

விண்ணப்பம் எங்கேயாவது நின்றுபோனால், முதல்வரின் முகவரி எண் 1100-இல் புகார் பதிவு செய்யலாம். முதியோருக்கான உதவி எண் 14567. ரெண்டையும் இப்பவே போனில் சேமித்து வையுங்கள்.

கடைசியாக, அந்த நோட்டு. விழா முடிஞ்சதும் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிடாதீங்க. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சங்க உறுப்பினர் ஒருவரின் பெயரை எழுதுங்கள். மாதம் ஒருமுறை அவர் ஒரு போன் போட்டு, "பாட்டி, பணம் வந்துச்சா?" என்று கேட்டால் போதும். அடுத்த பொங்கலுக்கு எத்தனை சேலை கொடுத்தோம் என்பதோடு, எத்தனை பேருக்கு மாதாமாதம் பணம் வருது என்றும் மேடையில் சொல்லுங்கள். சங்கத்தில் இல்லாதவர்களும் உங்கள் தெருவில் ஒருவருக்கு இதைச் செய்யலாம். போன் கையில்தானே இருக்கு!