கைக்குழந்தையின் கண் ஆட்டம்
(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



பிறந்த சிசுவின் கண்கள் முதற் சில வாரங்களில் ஒரு நிலையில் நில்லாமல் அங்குமிங்கும் போவது சகஜம். இரண்டு மூன்று மாதத்திற்குள் குழந்தை தாயின் முகத்தை உற்று நோக்கவும், நகரும் விளக்கைத் தொடரவும் பழகிவிடும். அதன் பிறகும் கருவிழிகள் அலைமேல் கிடக்கும் வலைத்தக்கையைப்போல ஓயாமல் ஆடுமாயின், அது வைத்தியர் பார்க்கவேண்டிய குறியாகும். இதைத் திருஷ்டியென்று எண்ணிக் கயிறு கட்டிக் காத்திருப்பதால் வரும் நஷ்டம் யாதெனில், காலமே. காரணங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, பிறவிப் புரை. கருவிழியின் நடுவில் வெண்மை தோன்றும். இரு கண்களிலும் அடர்ந்த புரை இருப்பின், பிறந்து சுமார் இரண்டு மாதத்திற்குள் சஸ்திர சிகிச்சை செய்வது உத்தமம். தாமதித்தால், பின்னர் புரையை எடுத்தாலும் பார்வை முழுதும் திரும்புவதில்லை. பார்க்கப் பழகவேண்டிய பருவத்தில் மூளைக்கு ஒளி எட்டாமற் போனதே காரணம்.

இரண்டாவது, விழித்திரை, பார்வை நரம்பு ஆகியவற்றின் குறை. குறைமாதத்தில் பிறந்த சிசுவின் விழித்திரையைப் பிறந்த 30 நாளுக்குள் பரீட்சிப்பது அவசியம்.

மூன்றாவது, மேனியிலும் மயிரிலும் விழியிலும் நிறமின்றிப் பிறத்தல். நெருங்கிய ரத்த பந்துக்களுக்குள் விவாகம் செய்வதால் இத்தகைய பிறவிக் குறைகள் நேர இடம் அதிகமாகிறது. மாமன் மகள், அக்காள் மகள் என்று சம்பந்தம் பேசுவோர் இதை யோசிப்பாராக.

நான்காவது, கண்ணில் வேறு குறையின்றி வம்ச வழியாக வருவது. இதில் ஒரு வகை தாய்வழியே பெரும்பாலும் ஆண் மக்களைப் பற்றும். இதற்காகத் தாயைப் பழிப்பது நியாயமன்று.

ஐந்தாவது, நன்றாயிருந்த குழந்தைக்குத் திடீரென்று ஆட்டம் காணுதல், அல்லது ஒரு கண் மட்டும் ஆடுதல். இது அரிதாக மூளைக் கட்டியின் அடையாளமாகவும் இருக்கலாம். ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

கண்ணில் தாய்ப்பாலோ, இலைச் சாறோ, எண்ணெயோ விடவேண்டாம். அவற்றால் ஆட்டம் நிற்காது, புண் உண்டாகலாம். முதலில் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் காட்டுங்கள். மேற்சிகிச்சை வேண்டுமென்றால், அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயிலேறிச் சென்னைக்குப் போவது எளிது. அங்கே எழும்பூர் அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி 1819-ஆம் வருஷத்தில் ஸ்தாபிதமானது.

ஆட்டம் முற்றும் நீங்காவிட்டாலும் மனந்தளர வேண்டாம். தக்க கண்ணாடி பலருக்கு உதவும். சில குழந்தைகள் தலையைச் சாய்த்துப் பார்க்கும். அவ்விதம் பார்க்கையில் ஆட்டம் குறைந்து பார்வை தெளிவதால், தலையை நிமிர்த்தும்படி அடித்துத் திருத்தலாகாது. பள்ளிக்கூடத்தில் முன் வரிசையில் உட்காரவைக்க உபாத்தியாயரைக் கேளுங்கள். நிறமின்றிப் பிறந்த குழந்தைக்கு ஏரிக்கரை வெயிலில் தொப்பியும், நிழற்கண்ணாடியும் அவசியம்.

கடன் தவணையைத் தவறவிட்டால் வட்டியோடு கட்டித் தீர்க்கலாம். குழந்தையின் கண்ணுக்குரிய தவணை தவறினால் மீட்க வழியில்லை. ஆதலால் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதைத் தம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் எடுத்துரைக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறேன்.