பாதி வழியில் நிற்கும் ஆர்டர்

கொல்லிமலை செம்மேட்டுல இருந்து பேசுறேன். இங்க வர 70 கொண்டை ஊசி வளைவு. ஏறிக்கிட்டிருக்கிற வண்டிகளை நிறுத்தாம அந்த ரோட்டோட விதியை மாத்தணும்னா, எந்த வண்டி எந்த வளைவுல இருக்குன்னு முதல்ல தெரியணும். நான் வேலை பார்க்கிற வொர்க்ஃப்ளோ சாஃப்ட்வேர்லயும் இதே கதைதான்.

இந்த மலை மிளகை ஆன்லைன்ல விக்கிற ஒரு கடைன்னு வச்சுக்கோங்க. ஆர்டர் வந்ததும் ஒருத்தர் பேக் பண்றார், அதே நேரத்துல இன்னொருத்தர் பணம் வந்துச்சான்னு பார்க்கிறார். ரெண்டும் முடிஞ்சா கூரியர். இனிமே பணத்தைச் சரிபார்த்த பிறகுதான் பேக்கிங்னு மாத்துறோம்.

புது ஆர்டருக்குப் பிரச்சினை இல்லை. ஆனா பேக்கிங் முடிஞ்சு, பணம் சரிபார்க்காம நிக்கிற ஆர்டர்? புது வரிசையில அதுக்கு இடமே இல்லை. முதல் படியில வச்சா மறுபடி பேக் ஆகி ரெண்டு பார்சல் போகும். கடைசிப் படியில வச்சா பணம் வராமலே சரக்கு போயிடும்.

1995-லேயே எல்லிஸ், கெடாரா, ரோசன்பெர்க் மூணு பேரும் இந்தச் சிக்கலை ஆராய்ஞ்சு எழுதிட்டாங்க. ஜெர்மனியில உல்ம் பல்கலைக்கழகத்தின் அடெப்ட் மாதிரி சிஸ்டம்கள் செய்யற சோதனை எளிமையானது: அந்த ஆர்டர் இதுவரை கடந்த படிகளைப் புது விதியில முதல்ல இருந்து ஓட்டிப் பாரு. ஓடினா புது விதிக்கு மாத்து. ஓடலைன்னா பழைய விதியிலயே முடிய விடு.

அப்படி விட முடியாத நிலைமையும் வரும். 2017 ஜூலை 1, ஜிஎஸ்டி வந்த நாள். மலைக்குக் கீழே நாமக்கல், லாரிக்காரங்க ஊர். பழைய வரி கட்டிக் கிளம்பின சரக்கு, புது வரிச் சட்டம் வந்த பிறகு போய்ச் சேருது. கட்டின வரி என்ன ஆகும்? அதுக்குன்னே மத்திய ஜிஎஸ்டி சட்டத்துல 140(5)-னு ஒரு பிரிவு வச்சாங்க. வந்து சேர்ற மூலப்பொருளோட பில்லை 30 நாளுக்குள்ள கணக்குல ஏத்தினா, தகுதியுள்ள பழைய வரிக்கு கிரெடிட் உண்டு. நடுவழியில இருக்கிறதுக்கு ஒரு தனிப் பாலம், அதுக்கு ஒரு கெடு.

நம்ம மிளகுக் கடைக்கும் பாலம் போடலாம்: பேக் ஆன ஆர்டருக்குப் பணத்தை மட்டும் பார்த்துட்டு நேரா கூரியர்.

அடுத்த தடவை புது வெர்ஷனை ஏத்துறதுக்கு முன்னாடி டீம்ல ஒரு கேள்வி கேளுங்க: இப்போ எத்தனை ஓடிக்கிட்டிருக்கு, ஒவ்வொண்ணும் எந்தப் படியில இருக்கு? பதில் வராத வரைக்கும் பட்டனை அமுக்காதீங்க. அந்தப் பக்கம் பணம் கட்டிட்டு ஒருத்தர் காத்திருக்கார்.