பொய்ப் பட்டமும் பொய்க் கணக்கும்

(இரத்தினபுரி மாவட்டத் தோட்டத் தொழிலாளரும் மாணவரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கொழுந்து பறிப்போர்க்கும் பால் வெட்டுவோர்க்கும் பல்கலைக்கழக நேர்மை எதற்கு என்று கேலி பேசுவோர் உண்டு. பேசட்டும். தராசு முள் நிற்கும் முன்பே எடையைக் கூவும் கணக்குப்பிள்ளையை அறிந்தவர்கள் நீங்கள். ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழித்து அரைப்பேர் போட்டவனையும் அறிந்தவர்கள். அளவுகோல் பொய்த்தால் உழைப்பு என்னவாகும் என்பதை உங்களைவிட எந்தப் பேராசிரியர் நன்கறிவார்?

சான்று என்ற சொல்லால் நம்மைப்போல் அடிபட்ட மக்கள் இந்நாட்டில் வேறு எவர்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம், தந்தை இங்கே பிறந்தாரா, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனரா, காட்டு பதிவை என்றது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு இடைவிடாது வாழ்ந்ததை மெய்ப்பி என்றது. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே. லயக்காம்பராவில் பிறந்த பிள்ளைக்கு எவன் பதிவெழுதி வைத்தான்? ஆயினும் கேட்டார்கள். காகிதம் இல்லாதவன் நாடற்றவன் ஆனான்.

அதே நாட்டில் 2024ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் சபாநாயகராகத் தெரிவு செய்யப்பட்டார் அசோக ரன்வல அவர்கள். கலாநிதி என்ற அடைமொழி பெயருக்கு முன்னே நின்றது. எங்கே சான்றிதழ் என்று கேள்வி எழுந்தது. உடனடியாகக் காட்ட இயலவில்லை என்று சொல்லி, டிசம்பர் 13ஆம் நாள் அவர் பதவி விலகினார். அவர் பட்டம் பெறவே இல்லை என்று தீர்ப்புக் கூற நாம் நீதிபதிகள் அல்லோம். விலகியது முறையே. ஆனால் அந்த உயர்ந்த ஆசனத்தில் அமர்த்தும் முன், நம் பாட்டனைக் கேட்ட கேள்வியில் பாதியையாவது அவரைக் கேட்டிருக்கலாம் அல்லவா?

இன்னொன்றையும் மறவாதீர். ஐயம் வேறு, சான்று வேறு. 1970ஆம் ஆண்டில், தமிழ்ப் பரீட்சகர் தமிழ் மாணவர்க்குப் புள்ளிகளை வாரி வழங்கினர் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அக்குற்றம் மெய்ப்பிக்கப்படவே இல்லை. என்றாலும் 1971இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மொழி மாணவன் 250 புள்ளியும் சிங்கள மொழி மாணவன் 227 புள்ளியும் பெற்றால் போதும் என்றாயிற்று. மெய்ப்பிக்காத குற்றச்சாட்டுக்கு ஒரு தலைமுறை விலை கொடுத்தது. ஆகவே, எவரையும் களவு செய்தார் என்று சொல்லும் முன் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

இனி நம் வாசலுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன், கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மலசலகூடம் கட்டித் தருமாறு நிர்வாகத்துடன் பேச்சுவார்த்தைக்குச் சென்றோம். எதிர்த்தரப்பினர் ஓர் ஆய்வேட்டை மேசைமேல் வைத்தனர். பெயர் சொல்லவேண்டாத ஒரு பல்கலைக்கழகத்து மாணவர் எழுதியது. அத்தோட்டத்துத் தொழிலாளருள் பெரும்பான்மையோர் வசதிகளால் மனநிறைவு கொண்டுள்ளனர் என்று அதில் அட்டவணையே இருந்தது! அன்றிரவே லயம் லயமாக ஏறி இறங்கினோம். எம்மை எவரும் ஒன்றும் கேட்கவில்லை ஐயா என்றனர் எல்லோரும். பிறகுதான் தெரிந்தது. மாணவர் படிவக் கட்டைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துச் சென்றிருக்கிறார். அவர் ஒரே மாலையில், ஒரே பேனாவால், நாற்பது குடும்பங்களின் மனநிறைவை எழுதி முடித்திருக்கிறார். கைநாட்டுகூட அவருடையதே.

அந்த மாணவரும் ஒரு தோட்டத்துப் பிள்ளைதான் என்பதை இங்கே மறைக்க நாம் விரும்பவில்லை. அவர் ஏழை. பஸ்சுக்குக் காசில்லை, நாளும் நெருங்கிவிட்டது. இரக்கம் வருகிறது. ஆனால் மழையில் குடைபிடித்து அடர்காட்டுக்குள் ஒதுங்கும் நம் பெண்களை எண்ணும்போது அந்த இரக்கம் நிற்கவில்லை, தோழர்களே.

காசுக்கு ஆய்வேடு எழுதிக் கொடுப்போர் நகரங்களில் இருக்கின்றனர். இப்போது கணினியே எழுதித் தருகிறது. அதை எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டாலும், பிரட்டுக்களத்தில் நின்ற கிழவியின் வாய்ச்சொல்லைக் கணினி எங்கிருந்து கொண்டுவரும்? பெலிகுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் மலைகளிலிருந்து எட்டாத தூரமன்று. அங்கும் பிற இடங்களிலும் பயிலும் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்: பத்துப் பேரைத்தான் பார்த்தீர்களானால் பத்துப் பேர் என்றே எழுதுங்கள். அதற்காகப் புள்ளி குறைத்தால் குறைக்கட்டும். பெரியோர்க்கும் ஒரு சொல். படிவத்தோடு வருபவரிடம் பெயரையும் பல்கலைக்கழகத்தையும் கேளுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன்பின் கைநாட்டு வையுங்கள்.

அந்த ஆய்வேட்டை இன்றுவரை எவரும் திரும்பப் பெறவில்லை. ஆகையால் வருகிற போயா விடுமுறையன்று அதே லயங்களில், அதே கேள்விகளை, வீடு வீடாக நாமே கேட்கப் போகிறோம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் பத்துப் பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் மேடைக்கருகே வந்து பெயர் கொடுங்கள்.