ரூபாய்க்குப் பக்கத்தில் கார்பனுக்கும் ஒரு கட்டம்



நிகரப் பூஜ்ஜியக் கார்பன் கட்டடங்களை வடிவமைப்பது பற்றிப் பேச இந்தக் கருத்தரங்கில் கூடியிருக்கிறோம். 2070க்குள் நிகரப் பூஜ்ஜிய உமிழ்வை எட்டுவோம் என்று 2021 கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா வாக்களித்தது. இன்று கடைக்கால் தோண்டும் கட்டடங்களில் பல 2070இலும் நின்றுகொண்டிருக்கும். அந்த வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பில் பெரும்பங்கு இந்த அரங்கில் இருப்பவர்களுடையது.

நம் நாட்டில் இத்தகைய கட்டடங்களுக்கு முன்னோடியாகப் புது டில்லியிலுள்ள இந்திரா பர்யாவரண் பவனைச் சொல்ல வேண்டும். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் தலைமையகமான அது 2014இல் திறக்கப்பட்டது. கூரையில் 930 கிலோவாட் சூரியத் தகடுகள். புகைப்படங்களில் அவைதான் கண்ணில் படும். நாம் கவனிக்க வேண்டியது அவற்றுக்குக் கீழே இருப்பது. நடுமுற்றம் காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே கொண்டுவருகிறது. மேல்தளத்தை ஒட்டிய குழாய்களில் குளிர்ந்த நீர் ஓடி அறைகளைக் குளிர்விக்கிறது. முதலில் தேவையைக் குறைத்தார்கள். குறைத்த தேவைக்கு மின்சாரம் தயாரித்தார்கள். இந்த வரிசை மாறினால் எத்தனை தகடு பதித்தாலும் போதாது.

ஆனாலும் அது மின்சாரக் கணக்கில் எட்டிய பூஜ்ஜியம். கட்டடம் எழும்பும்போதே வெளியேறிவிடும் கார்பனை அந்தக் கணக்கு தொடுவதில்லை. இன்று நான் வற்புறுத்த வந்தது இந்த ஒன்றைத்தான்.

ஆயிரம் சதுர அடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் மேஸ்திரிகளின் கைக்கணக்குப்படி சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட். அதாவது 400 மூட்டை, 20 டன். கம்பி சதுர அடிக்கு 4 கிலோ வைத்தால் 4 டன். ஒரு டன் சிமென்டுக்குச் சுமார் 0.6 டன் கார்பன் டை ஆக்சைடு. இந்தியாவில் தயாராகும் எஃகுக்கு டன்னுக்குச் சுமார் 2.5 டன். இரண்டையும் கூட்டினால் 22 டன். செங்கல், ஓடு, கண்ணாடி, லாரி டீசல் எதையும் நான் சேர்க்கவில்லை. அந்த வீட்டுக் குடும்பம் மாதம் 200 யூனிட் செலவழிப்பதாக வைத்துக்கொண்டால், யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ வீதம் ஆண்டுக்கு 1.7 டன்கூட வராது. பால் காய்ச்சும் நாளுக்கு முன்பே அந்த வீடு ஏறத்தாழ 13 ஆண்டு மின்சாரத்துக்கான கார்பனை வெளியேற்றிவிட்டது. பிறகு வைக்கும் எந்தத் தகடும் வானத்துக்குப் போனதைத் திரும்பக் கொண்டுவராது.

சிமென்டில் எரிபொருளை மாற்றினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். சூளையைச் சூரியனைக் கொண்டே சூடேற்றினாலும் இந்த 44 கிலோ குறையாது. எனவே சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கும் சிமென்டின் மூலப்பொருளான கிளிங்கரின் அளவையே குறைக்க வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பலும் இரும்பாலைக் கசடும் இதற்கு உதவியிருக்கின்றன. நிலக்கரி ஒருநாள் ஓயும்போது சாம்பலும் ஓயும். அதனால்தான் எல்சி3 என்னும் சிமென்டை நான் பெரிதாக மதிக்கிறேன். பாதி கிளிங்கர், சுமார் 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுடாத சுண்ணாம்புக்கல், மீதி ஜிப்சம். களிமண்ணை 800 டிகிரி அளவில் சுட்டால் போதும். கிளிங்கருக்கு 1450 டிகிரி தேவை. களிமண் சுடும்போது வெளியேற்றுவது நீராவியைத்தான். சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு சென்னை ஐஐடியும் டில்லி ஐஐடியும் இதில் உழைத்திருக்கின்றன. 2023இல் இதற்கு இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது. இனி இதைக் கேட்டு வாங்க வேண்டியது நம் வேலை.

பொருளை மாற்றுவதைவிட எளிய வழி, பொருளையே குறைப்பது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் கட்டிக் காட்டினார். செங்கல் கால்பங்கு மிச்சமாகிறது, அந்த வெற்றிடமே வெயிலையும் தடுக்கிறது. தளத்தில் இழுவிசை தாங்கும் கீழ்ப்பகுதியில் பழைய ஓடுகளை வைத்துக் கான்கிரீட்டை மிச்சப்படுத்தினார். இவற்றை ஏழைகளுக்கான சிக்கனம் என்று ஒதுக்கிவிட்டோம். அது நம் துறை செய்த பெரிய தவறு.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை அகலாங்கில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மொட்டைமாடிதான் அதிகம் வாங்கும். தெற்குச் சன்னலுக்குச் சன்ஷேடு போதும். மேற்கில் சாய்ந்து வரும் மாலை வெயிலைச் சன்ஷேடு தடுக்காது. அங்கே மாடிப்படியையும் குளியலறையையும் வைக்கலாம், மரம் வளர்க்கலாம். குடியிருப்புகளுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பாக 2018இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா, சுவர், சன்னல் வழியே புகும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று வரம்பு கட்டியது. மேற்கே முழுக் கண்ணாடி வைத்துவிட்டு அந்த வரம்புக்குள் நிற்பது கடினம். அப்படிப்பட்ட கட்டடத்தில் கோடை இரவு ஒன்பது மணிக்கும் ஏசி ஓடும். அப்போது சூரியத் தகடு ஒரு யூனிட்டும் தராது, பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம்தான் வரும். பகலில் கொடுத்ததை இரவில் வாங்கியதோடு கழித்து ஆண்டிறுதியில் பூஜ்ஜியம் என்று எழுதும் கட்டுரைகளை நான் முழுமையான சான்றாக ஏற்கமாட்டேன்.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டடத்தின் கார்பன் எத்தனை என்று சொல்லும்போது, கட்டும்போது போனது எத்தனை, ஓட்டும்போது போவது எத்தனை என்று பிரித்துச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டு ஆயுளுக்கு என்றும் சொல்லுங்கள்.

பொதுப்பணித் துறை நண்பர்களுக்கும் ஒன்று. நாம் போடும் ஒவ்வொரு எஸ்டிமேட்டிலும் பொருள், அளவு, விலை, தொகை என்று கட்டங்கள் இருக்கின்றன. தொகைக்குப் பக்கத்தில் கார்பன் கிலோ என்று இன்னொரு கட்டம் போடுங்கள். அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், புது இயந்திரம் வேண்டாம். இந்தக் கருத்தரங்கு முடிவதற்குள் அந்தக் கட்டத்தை நிரப்பத் தேவையான பொருள்வாரிப் பட்டியலின் முதல் வரைவை உருவாக்கித் தாருங்கள் என்று கேட்டு, அமர்வுகளைத் தொடங்கி வைக்கிறேன்.