எந்தக் கதவைத் தட்டுவது?

(டில்லித் துணைநிலை ஆளுநரின் அதிகாரம் பற்றிச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேர்தல் வந்துவிட்டால் நம் ஜுக்கிகளுக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் வருகிறார்கள். வீடு தருகிறோம், போலீஸ் தொல்லை இராது என்கிறார்கள். நாமும் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறோம். பிறகு மனுவோடு போனால், "அது எங்கள் கையில் இல்லை, எல்.ஜி. கையில் இருக்கிறது" என்கிறார்கள். இந்தப் பதில் சில நேரம் உண்மை. சில நேரம் வெறும் சாக்கு. இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவரை நாம் வாசல் வாசலாக அலைந்துகொண்டுதான் இருப்போம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'துணைநிலை ஆளுநர்' என்றால், மேலே ஒரு பெரிய ஆளுநர் இருக்கிறார், இவர் அவருக்கு உதவியாள் என்று எண்ணிவிடக் கூடாது. டில்லியில் இவருக்கு மேல் ஆளுநர் எவரும் இல்லை. மாநிலங்களுக்கு ஆளுநர், டில்லி, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார், ஜம்மு காஷ்மீர், லடாக் ஆகிய யூனியன் பிரதேசங்களுக்குத் துணைநிலை ஆளுநர். அரசியல் சட்டத்தின் 239ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் சார்பில் நிர்வாகம் நடத்துபவர் இவர். குடியரசுத் தலைவரோ மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஆகவே இவரை அனுப்புவதும் திரும்ப அழைப்பதும் மத்திய அரசுதான்.

டில்லிக்கு 1952இல் ஒரு சட்டசபை இருந்தது; 1956இல் அது எடுக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெருநகரக் கவுன்சில் வந்தது. அது யோசனை சொல்லலாம்; சட்டம் செய்ய முடியாது. 1991இல் அரசியல் சட்டத்தின் 69ஆவது திருத்தம் நிறைவேறி, 1993இல் 70 உறுப்பினர் கொண்ட சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. ஆனால் அந்தத் திருத்தமே மூன்று பொருள்களைச் சட்டசபைக்கு எட்டாமல் வைத்துவிட்டது: பொது ஒழுங்கு, போலீஸ், நிலம்.

தோழர்களே, பிழைக்க வந்த ஏழைக்கு முதலில் வேண்டியது என்ன? தலைசாய்க்க ஓர் இடம். தள்ளுவண்டி நிறுத்தினால் அடிபடாமல் இருக்கப் பாதுகாப்பு. நிலமும் போலீசும் எம்.எல்.ஏ.வுக்குப் போடும் ஓட்டுக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன. டி.டி.ஏ. என்னும் டில்லி வளர்ச்சி ஆணையத்தின் தலைவரே துணைநிலை ஆளுநர்தான். டில்லி போலீஸ் மத்திய உள்துறையின் கீழ் இருக்கிறது.

மற்ற விஷயங்களில் அவர் மந்திரிசபை சொல்வதைக் கேட்க வேண்டுமா, வேண்டாமா? இதற்காக வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அந்த மூன்றைத் தவிர்த்து, மந்திரிசபையின் ஆலோசனைக்கு அவர் கட்டுப்பட்டவர் என்றது. கருத்து வேற்றுமை வந்தால் குடியரசுத் தலைவருக்கு எழுதலாம். அதையும் எடுத்ததற்கெல்லாம் செய்யக் கூடாது என்றது. 2023 மே 11 அன்று, அதிகாரிகள் மீதான அதிகாரமும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கே என்று தீர்ப்பு வந்தது. எட்டே நாளில் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டது. ஆகஸ்டில் அது பார்லிமெண்டில் சட்டமாயிற்று. அதன்படி அதிகாரிகளை மாற்ற ஒரு குழு: முதல்வர் ஒருவர், அதிகாரிகள் இருவர். பெரும்பான்மைதான் முடிவு. இரண்டு அதிகாரிகள் சேர்ந்தால் முதல்வரைத் தோற்கடிக்கலாம்! கடைசிச் சொல்லும் துணைநிலை ஆளுநருடையது.

2025 பிப்ரவரித் தேர்தலில், மத்தியில் ஆளும் கட்சியே டில்லியிலும் வென்றது. யார் வந்தாலும் போனாலும், எழுதி வைத்த அதிகாரம் எழுதியபடிதான் இருக்கும். நாம் பார்க்க வேண்டியது அதை.

2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டதை நாம் மறக்க முடியாது. பாராபுல்லா கால்வாயைச் சீர்செய்ய உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி நடந்தது அது. சுமார் 370 வீடுகள். கணக்கெடுப்பில் தகுதி உண்டு என்று ஏற்கப்பட்டவர்களுக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் வீடு. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அங்கே குடும்பங்களைப் பிரித்தது காகிதம்தான்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை இவை. நம் பஸ்தி யார் நிலத்தில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். டி.டி.ஏ. நிலமானால் மனு துணைநிலை ஆளுநருக்கும் எம்.பி.க்கும் போக வேண்டும். ரயில்வே நிலமானால் ரயில்வேக்கும் எம்.பி.க்கும். டில்லி அரசின் நிலமானால், முதல்வரைத் தலைவராகக் கொண்ட டியூசிப் வாரியத்துக்கு. வாரியத்தின் 2015ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, பஸ்தி 1-1-2006க்கு முன்பும், குடிசை 1-1-2015க்கு முன்பும் இருந்திருக்க வேண்டும். அதைக் காட்டும் வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, மின்சார ரசீது எல்லாவற்றையும் இன்றே எடுத்து வையுங்கள். இடிக்கும் நாளில் தேடினால் கிடைக்காது.

ரேஷன், குடிநீர், அரசுப் பள்ளிக்கூடம் - இவை டில்லி அரசின் பொறுப்பு. இவற்றுக்கு எம்.எல்.ஏ. "எல்.ஜி." என்று சொன்னால் விடாதீர்கள், எழுத்தில் பதில் கேளுங்கள். நிலத்துக்கும் போலீசுக்கும் எம்.பி. வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வரும்போதே கேள்வி கேளுங்கள். துணைநிலை ஆளுநரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அவரை அனுப்புகிற அரசுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் நாம்.

மனுவைத் தனியாளாகக் கொண்டுபோக வேண்டாம். பஸ்தி முழுவதும் கையெழுத்திட்டு, சங்கத்தின் வழியாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குவோம். சரியான கதவை, எல்லாரும் சேர்ந்து தட்டுவோம்.