தீவக மாணவரும் பரீட்சையின் இறுதி வாரங்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கிடக்கும் தீவுகளை ஒருங்கே தீவகம் என வழங்குவர். அவற்றுள் ஊர்காவற்றுறையும் வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் யாழ்ப்பாணத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்குமோ கடலே வழியாகும். புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவை அடையப் படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரம் செல்லும்.

இத்தீவுகளிற் பிறந்து பல்கலைக்கழகம் புக விரும்பும் மாணவர், க.பொ.த. உயர்தரப் பரீட்சை என்னும் வாயிலைக் கடந்தாக வேண்டும். மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளில், நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமை ஒழுங்கின்படியும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. மாவட்ட ஒதுக்கீட்டில் நெடுந்தீவு மாணவனும் நல்லூர் மாணவனும் யாழ் மாவட்டத்தவரே. இருவருக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றே. ஒருவன் வீட்டு வாயிலிலேயே தனியார் கல்வி நிலையங்களைக் காண்கிறான். மற்றவனோ படகையும் பேருந்தையும் நம்பியிருக்கிறான். இவ்வேறுபாட்டை இசட் புள்ளி அறியாது.

ஆதலால், பரீட்சை நெருங்குங்கால் தீவகத்துப் பெற்றோர் பலரும், பிள்ளையை எவ்வாறேனும் பட்டினத்துக்கு அனுப்பிவிட வேண்டுமென்று தவிப்பது இயல்பே. புதிய பாடங்களைக் கற்கும் காலத்தில் அத்தவிப்புக்கு நியாயமுண்டு. ஆனால் இறுதி ஆறு வாரங்களின் தேவை வேறு. அப்போது வேண்டுவது புதிய பாடமன்று; கற்றதைக் குறித்த நேரத்துள் எழுதிக் காட்டும் பயிற்சியே.

இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய பாடங்களில் முதற்பகுதி 50 பல்தேர்வு வினாக்களைக் கொண்டது. காலம் இரண்டு மணி. வினா ஒன்றுக்கு இரண்டு நிமிடமும் 24 விநாடியுமே கிடைக்கும். விடை தெரிந்த மாணவனும் இக்கணக்கில் தவறினால் புள்ளியை இழப்பான். இரண்டாம் பகுதிக்கு மூன்று மணிநேரமும், வினாக்களை வாசித்துத் தெரிந்தெடுக்க மேலும் 10 நிமிடமும் உண்டு. இப்பயிற்சிக்கு வேண்டியவை கடந்தகால வினாத்தாள்கள், புள்ளித்திட்டம், ஒரு கடிகாரம், அமைதியான ஓர் அறை ஆகியவையே. இவை நான்கும் நெடுந்தீவிலும் கிடைக்கும். நாள்தோறும் யாழ்ப்பாணம் போய்வர நான்கு மணிநேரத்துக்குக் குறையாது செலவாகும். அந்நேரத்தில் ஒரு வினாத்தாளின் பெரும்பகுதியை எழுதித் திருத்தியும் விடலாம். எழுதியவுடன் பிழைகளைத் தனிக் கொப்பியிற் குறித்து, மூன்று நாட் கழித்து அவற்றை மட்டும் மீண்டும் செய்துபார்த்தல் நலம்.

மற்றொன்று கடலைப் பற்றியது. அண்மைக்காலத்தில் இப்பரீட்சை வாடைக் காலமாகிய நவம்பரில் நடைபெற்றுள்ளது. 2024ஆம் ஆண்டுப் பரீட்சை நவம்பர் 25ஆம் திகதி தொடங்கிற்று. இரண்டு நாட்களுள் புயல் மழையால் நிறுத்தப்பட்டு, டிசெம்பர் 4ஆம் திகதியே மீண்டும் தொடர்ந்தது. அவ்விடைவெளியை ஓய்வென்று எண்ணியவர் தளர்ந்திருப்பர். வழமைபோல் காலையில் எழுந்து ஒரு வினாத்தாள் எழுதியவர் தளர்ந்திரார். கடல் கடந்து பரீட்சை எழுத வேண்டியவர் சில நாட்களுக்கு முன்பே கரையேறி, உறவினர் வீட்டிலே தங்குதல் வேண்டும். அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் நீர் புகாத உறையில் வைத்தல் சிறு செயலே, எனினும் மறக்கத்தக்கதன்று.

1913ஆம் ஆண்டு ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிலே பிறந்த தனிநாயகம் அடிகளாரை நேயர்கள் அறிவர். உரோமாபுரியிற் கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னரும், தமிழிலக்கியத்தில் தம் பயிற்சி போதாதென உணர்ந்து, தமிழகத்து வடக்கன்குளத்தில் ஆசிரியராயிருந்தவாறே ஒரு பண்டிதரிடம் நான்கு ஆண்டுகள் பாடங் கேட்டார். அதன் பின்னரே, 1945இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை வகுப்பிற் சேர்ந்தார். நான்கு ஆண்டுகளின் வேலையை நான்கு வாரங்களுக்கென்று அவர் ஒதுக்கிவைக்கவில்லை.

இறுதி வாரங்கள் அறிவை உண்டாக்குவனவல்ல. உள்ள அறிவை ஒழுங்குசெய்வன. அவ்வொழுங்குக்குப் பட்டினம் இன்றியமையாததன்று. பிள்ளைக்கு வீட்டில் மூன்று மணிநேர அமைதியை நாள்தோறும் அளிக்கும் பெற்றோர், தம்மாலான பேருதவியைச் செய்தவராவர்.