செத்துப்போச்சுன்னு யார் சொன்னது?



தமிழக அரசு 2011-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. நம்ம தெருவில் பல வீடுகளுக்குள் முதன்முதலா நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான். இன்றைக்கு அது பரண்மேல் கிடக்கிறது. 'செத்துப்போச்சு' என்கிறார்கள். நான் கேட்கிறேன்: செத்தது எது? எந்திரமா, அதுக்குள்ள ஓடுற விண்டோஸா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்திவிட்டது. 11-க்குப் போகலாம் என்றால், 2017-க்கு முந்தைய பெரும்பாலான கணினிகள் அதன் பட்டியலிலேயே இல்லை. எந்திரம் நல்லாத்தான் இருக்கு. வாசல்லயே நிறுத்திட்டாங்க.

வேறு வழி உண்டு. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ். அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். படிக்காதே, தொடாதே என்றே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். படி, பிரிச்சுப் பார் என்கிற ஒன்றை ஏன் விடணும்?

எங்கள் இரவுப் பாடசாலையில் செய்வது இதுதான். முதலில் படம், பாடம், சான்றிதழ் எல்லாவற்றையும் வேறிடத்தில் நகல் எடுத்து வைக்கிறோம். வட்டு முழுசும் அழியப் போகிறதே! பிறகு லினக்ஸ் மின்ட்டை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுகிறோம். வெறுமனே காப்பி பண்ணினால் ஆகாது; அதற்கென்று உள்ள மென்பொருளால்தான் எழுத வேண்டும். லேப்டாப்பில் 2 ஜிபி ராம் இருந்தால் ஓடும், 4 இருந்தால் சௌகரியம். பென்டிரைவிலிருந்தே கிளப்பி, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கீபோர்டு வேலை செய்தால்தான் அடுத்த அடி. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டால் வேகம் நல்லாவே கூடும்.

விண்டோஸுக்கென்றே எழுதிய சில மென்பொருள்கள் இதில் ஓடாது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எழுத, கணக்குப் போட லிப்ரே ஆபிஸ் இருக்கு, இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ் இருக்கு, தமிழ்99 இருக்கு. காசு கிடையாது. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு பிரௌசிங் சென்டர் வாசலில் காத்துக்கிடக்கும் பிள்ளை, போன் இணைப்பை வைத்து வீட்டிலிருந்தே போடலாம். ஒவ்வொரு பாரத்துக்கும் அழுகிற காசு மிச்சம்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். முதல் லேப்டாப்புக்குத்தான் நான் செய்து காட்டுவேன். ரெண்டாவதை அந்தப் பிள்ளையே செய்யணும். மூணாவதை அது இன்னொரு பிள்ளைக்குக் கத்துக்கொடுக்கணும். நம்ம பொருளைத் திறக்க இன்னொருத்தர் கையை எதிர்பார்த்தால், விண்டோஸ் போய் லினக்ஸ் வந்தும் என்ன பயன்?

பரணில் கிடப்பதை இறக்கித் தூசி தட்டிக் கொண்டுவாங்க. பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க.